வெள்ளிக்கிழமைக் கரண்ட்

1

சண்டிலிப்பாயில் இருக்கும் என் அண்ணை போன கிழமை ரெலிபோன் எடுத்தார். பிளக்கில் கொழுவிச் சார்ஜ் ஏற்றி ஓடும் கார் ஒன்று வாங்கப் போகிறாராம். அங்கேயும் இப்போது நேரத்துக்கு நேரம் கரண்ட் விலை மாறும் திட்டம் ஒன்று இருக்கிறதாம். அதை எடுப்பதா, இருக்கிறபடியே விடுவதா என்று கேட்டார்.

"நீ உங்கை கனகாலமா உந்தக் காரோடை மாரடிக்கிறாய். உனக்குத் தெரியாததே," என்றார்.

எனக்குத் தெரியும். ஆனால் ரெலிபோனில் சொல்ல முடியாது. அண்ணையோடு எதைக் கதைக்கத் தொடங்கினாலும் நடுவில் வெங்காய விலைக்குப் போய்விடுவார். அதனால் எழுதுகிறேன். ஊரில் வேறு ஆட்களும் இந்தக் கார்களை வாங்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. அவர்களும் வாசிக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கிறவன் எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். இந்தக் கரண்ட் விசயத்தில் நான் ஒரு முழுக் கோடைகாலமும் விசரன் மாதிரி அலைந்திருக்கிறேன். கடைசியில் நான் எடுத்த முடிவைக் கேட்டால் அண்ணை என்னை முழு விசரன் என்றே சொல்லுவார். சொல்லட்டும்.

2

நான் லண்டனில் பெற்றோல் ஸ்ரேசனில் வேலை செய்து ஓய்வெடுத்தவன். இங்கே வந்த எங்கள் சனத்தில் பாதி அந்த வேலைதான் செய்தது. ஊர்க்காருக்கெல்லாம் பெற்றோல் விற்றுவிட்டு, ஓய்வெடுத்தவுடன் பெற்றோலே போடத் தேவையில்லாத கார் ஒன்றை வாங்கினேன். அதில் ஒரு சந்தோசம் இருந்தது, மறைக்கவில்லை. பழைய முதலாளி கடையைத் தாண்டிப் போகும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு போவேன்.

காரை விற்றவனே வீட்டுச் சுவரில் சார்ஜ் பண்ணும் பெட்டி ஒன்றையும் பூட்டுவித்தான். அதில் ஒரு சின்ன லைற். மஞ்சள் என்றால் மலிவு நேரத்துக்காகக் காத்திருக்கிறது. நீலம் என்றால் கரண்ட் ஏறுகிறது. பச்சை என்றால் ஏறி முடிந்தது. இந்த மூன்று நிறத்தையும் நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

கரண்ட் கொம்பனியின் திட்டத்தையும் காரை விற்றவன்தான் தெரிவு செய்து தந்தான். நடுச்சாமத்துக்குப் பிறகு விடியும்வரை கரண்ட் மலிவு. பகலிலும் பின்னேரத்திலும் சாதாரண வீடுகளை விடக் கூட விலை. காரை இரவில் கொழுவிவிட்டுப் படுக்க வேண்டியதுதான் என்றான். படுத்தோம்.

இந்த வருடம் அந்த ஒப்பந்தம் முடியப்போகிறது என்று கொம்பனி அறிவித்தது. புதிதாகத் தெரிவு செய்ய வேண்டுமாம். ரெலிபோன் எடுத்தேன். ஒரு பெண் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். முதல் கேள்வியே, "உங்கள் வாழ்க்கை முறை எப்படிப்பட்டது?"

எனக்குத் தலையில் ஏறிவிட்டது. பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை யாரும் இப்படிக் கேட்கவில்லை. கரண்ட் தரப்போகிறவளுக்கு என் வாழ்க்கை முறை ஏன்? அவர் பொறுமையாக விளக்கினார். எத்தனை மணிக்குச் சமைப்பீர்கள், எத்தனை மணிக்குக் குளிப்பீர்கள், வீட்டில் பகலில் ஆட்கள் இருப்பார்களா. எங்கள் வீட்டில் எப்போதும் சமையல் நடக்கும் என்றேன். எப்போதும் என்றால் எந்த நேரம் என்றார். எப்போதும் என்றால் எப்போதும்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டிருந்தார் போல.

மூன்று திட்டம் இருந்தது. ஒன்று, எந்த நேரமும் ஒரே விலை. இரண்டாவது, எங்களிடம் ஏற்கெனவே இருந்த இரவு மலிவு. மூன்றாவது, அரை மணிக்கு ஒருதடவை விலை மாறுமாம். சுன்னாகம் சந்தையில் மரக்கறி விற்கிற மாதிரி, நின்று பார்த்து வாங்க வேண்டும். சந்தைக்காவது காலையில் போய் வந்தால் முடிந்தது. தேத்தண்ணி போட எழும்புகிற ஒவ்வொருதடவையும் விலை பார்க்க என்னால் ஏலாது. மூன்றாவதை அந்த இடத்திலேயே வெட்டினேன்.

மிச்சம் இரண்டு. மாதம் முடியமுன் சொல்கிறேன் என்று வைத்தேன்.

3

இப்போது மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தவம் என் மனைவி சாந்தியின் அண்ணை. கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். மானிப்பாய்க்காரன். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு பழைய ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினவன். அந்தக் காலத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. இளசுகளுக்காகச் சொல்கிறேன். சண்டைக்காலத்தில் அரசாங்கம் பெற்றோலை மறித்ததால் அது தங்கம் மாதிரி. அதனால் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோலை ஊற்றி, சேலைன் ரியூப் கொழுவி, பொனற்றுக்குள் தொங்கவிட்டிருப்பான். அதில் சில துளியைக் காட்டி எஞ்சினை ஏமாற்றி எழுப்பிவிட்டு, எழும்பினவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவான். கார் இருமிக்கொண்டு, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடும். மானிப்பாய் ஆசுபத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாச்சிகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறுவார்கள்.

அந்தக் காரில் சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கும் வருவான். அப்போது அவன் எனக்கு ஒரு முறையும் இல்லை, சந்தியில் கண்டு பழகினவன். அவ்வளவு அருமையான மண்ணெண்ணெயை எரித்துக்கொண்டு வந்து நிற்பான். என்ன விசயம் தவம் என்று கேட்டால், "சும்மா வந்தனான்" என்பான். இருந்து கதைப்பான், தேத்தண்ணி குடிப்பான், போவான். இப்படிச் சும்மா சும்மா வந்து கடைசியில் தன் தங்கச்சியை எனக்குக் கட்டி வைத்தான். அந்தச் சும்மாக்களில் எது சும்மா இல்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

லண்டனில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கனகாலம். இங்கே எங்கள் சனம் இன்னொரு வீட்டுக்குப் போக மூன்று கிழமைக்கு முன் ரெலிபோன் எடுத்து நாள் கேட்கிறது. பல்லுப் புடுங்கப் போகிற மாதிரி. வந்தாலும் காரணத்தோடுதான் வரும். கல்யாணக் காட், மகள் பெரியபிள்ளையான சாமத்தியக் காட், பழுதான பிரிண்டர். காரணமில்லாமல் ஒருவன் கதவைத் தட்டினால் உள்ளே இருக்கிறவர்கள் ரீவியின் சத்தத்தைக் குறைக்கிறார்கள்.

தவத்தின் மனைவி கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. மகன் அவுஸ்திரேலியாவில். இவன் மாடிக் குடியிருப்பில் தனிய. சாந்தி சாப்பிட வரச்சொல்லிக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனாள். ஒவ்வொருதடவையும் ஒரே பதில்தான். இப்பதான் சாப்பிட்டனான், ஏன் உங்களுக்குக் கரைச்சல். தனித்துப்போன மனிதன் தங்கச்சி வீட்டுச் சோற்றுக்கு அலைகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவன் கணக்கு. யார் சொல்லப் போகிறார்கள்? ஒருவரும் இல்லை. அவன் மானிப்பாயைக் காதுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறான்.

பிறகு ஒரு நாள் கார் ஒன்று வாங்கினான். பிளக்கிலும் ஓடும், பெற்றோலிலும் ஓடும். இரண்டு எண்ணெய்க் கார் இல்லாமல் அவனால் வாழ ஏலாது போல. அவன் குடியிருப்பில் கொழுவ இடமில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு என்னைக் கேட்டான்: "மச்சான், உன்ரை பெட்டியிலை கிழமைக்கு ஒருக்காக் கொழுவலாமோ?"

கொழுவு என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். எங்கள் கரண்ட் மலிவது நடுச்சாமத்துக்குப் பிறகு. அப்படியென்றால் கார் விடியும்வரை எங்கள் வாசலில் நிற்கும். கார் நின்றால் மச்சானும் நிற்பான்.

4

வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவான். காரைத் தானே கொழுவுவான். மேல்மாடியில் சின்ன அறையில் படுப்பான். அவனுடைய குறட்டைக்கும் அந்த ஏ40 எஞ்சினுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். காலையில் எல்லோருக்கும் முன் எழும்பிக் குளியலறையைப் பிடித்துக்கொள்வான். என் செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போவான். நான் நட்ட கத்தரிக் கன்றைப் பார்த்து, "உது காய்க்காது" என்பான். அது காய்க்காது. அவன் சொன்னதால்தான் காய்க்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

வெள்ளி மரக்கறி. சாந்தி புட்டு அவித்துக் கத்தரிக்காய்ப் பால்கறி வைப்பாள். சனி காலையில் மச்சான் மீன்கடைக்குப் போய் நண்டோடு வருவான். மத்தியானம் நண்டுக் குழம்பு. அதற்குப் பிறகுதான் போவான். அந்தக் குழம்பை நான் குறை சொல்லமாட்டேன். மற்றதெல்லாம் சொல்லுவேன். என் கார் வெள்ளி இரவு பட்டினி கிடந்ததால் சாந்தி இரண்டு சனிக்கிழமை கோயிலுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறாள். அவள் ஒரு சொல் முணுமுணுக்கவில்லை. என் கார் பற்றரி முடிந்து நிற்கிற வேறு நாட்களில் அவள் முணுமுணுப்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் மகள் கோபிகா வேலையை வீட்டில் இருந்தே மேல்மாடி அறையில் கொம்பியூட்டரில் செய்கிறவள். சாப்பாட்டுக் கோப்பையையும் மேலே கொண்டுபோய்விடுவாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலிசில் பதில் வரும். வெள்ளிக்கிழமை மட்டும் கீழே வந்து மேசையில் இருப்பாள். மச்சான் தனக்கு இங்கிலிஸ் விளங்காது என்று அவளுக்கு ஒரு பொய் சொல்லி வைத்திருந்தான். லண்டன் முழுக்க வாடகைக்கு மினிக்காப் ஓட்டினவனுக்கு இங்கிலிஸ் விளங்காதாம். அவளும் தெரிந்துகொண்டே நம்பினாள். தட்டுத் தடுமாறித் தமிழில் கதைப்பாள். அவன் அவளைத் திருத்தமாட்டான், நக்கலடிப்பான்.

"மாமா, நீங்கள் கார் ஓட்டேக்கை நித்திரை கொண்டிருக்கிறியளா?"

"ஓம் பிள்ளை. எழும்பேக்கை பார்த்தா இடம் வந்திடும்."

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. மச்சான் கையில் பலாக்கொட்டைப் பையோடு கதவுக்குள் ஓடி வந்தான். நீ நனையாதே, நானே கொழுவுகிறேன் என்று கார்த் திறப்பைப் பறித்துக்கொண்டு போனேன். வேண்டாம் மச்சான், விடு மச்சான் என்று பின்னால் சத்தம் கேட்டது. நான் நின்று கேட்கவில்லை. கொழுவினேன். மஞ்சள் வர வேண்டும். வரவில்லை. உடனே பச்சை.

ஏறத் தொடங்காமலே ஏறி முடிந்ததா? கழற்றிக் கொழுவினேன். பச்சை. என் காரைக் கொழுவினேன். ஒழுங்காக மஞ்சள் வந்தது.

உள்ளே வந்து பெட்டி பழுது என்றேன். மச்சான் சோபாவில் இருந்தபடியே என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஒரு பழுதும் இல்லை. ஒவ்வொரு காலமையும் நிறைஞ்சுதான் இருக்குது. நீ உதிலை கை வையாதை."

நான் கேட்பேனா? திங்கட்கிழமையே கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். என் காருக்கு ஒரு நிறம், என் மச்சான் காருக்கு ஒரு நிறமா? உங்கள் பெட்டி கார் பார்த்து ஆள் பார்த்து வேலை செய்கிறதா? கறுப்புக் கார் என்றபடியாலா? என் காரும் கறுப்புத்தான், ஆனால் கோபத்தில் அது நினைவுக்கு வரவில்லை. முறைப்பாட்டைப் பதிவு செய்துவிட்டோம், சோதித்துப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அடுத்த கிழமையும் எடுத்தேன். அதற்கடுத்ததும். கொஞ்ச நாளில் என் பெயரைக் கேட்டவுடனேயே அங்கே மூச்சு விடுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது.

5

இதற்கிடையில் மாதம் முடியப் போனது. கோபிகாவைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், நாங்கள் இவ்வளவு காலமும் மடைத்தனம் செய்திருக்கிறோமாம். நிறைய ஓடுகிற ஆட்களுக்குத்தான் இரவுத் திட்டம். நான் ஓய்வெடுத்தவன், கோயிலுக்கும் கடைக்கும்தான் ஓடுகிறேன். ஆனால் அம்மா பகல் முழுக்கக் கரண்ட் அடுப்பில் நிற்கிறாள். மலிவு நேரத்தில் கொஞ்சம் எடுத்து, விலை கூடின நேரத்தில் நிறைய எரிக்கிறோம். ஒரே விலைத் திட்டம்தான் எங்களுக்குச் சரி.

கணக்குச் சரியாக இருந்தது. ஒப்புக்கொண்டேன். கொம்பனிக்கும் அறிவித்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை புட்டைக் குழைத்துக்கொண்டு நல்ல செய்தி சொல்கிறவன் மாதிரி மச்சானுக்குச் சொன்னேன். இனி எந்த நேரமும் ஒரே விலை. அவன் கார் பற்றரி சின்னன். பின்னேரம் கொழுவிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க நிறைந்துவிடும். இந்தச் சின்ன அறையில் வந்து மினக்கெடத் தேவையில்லை, தன் கட்டிலில் போய்ப் படுக்கலாம்.

கோபிகா ரெலிபோனைக் கவிழ்த்து வைத்தாள். சாந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கல்யாணமான ஆண்கள் அறிவார்கள். மச்சான் கையிலிருந்த புட்டை விரலால் நசித்துக்கொண்டிருந்தான்.

"அது நல்லதுதானே மச்சான்," என்றான். "எனக்கும் உங்கை வந்து படுக்கிறது கரைச்சல்தான்."

சனிக்கிழமை நண்டு வாங்கப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று விடிய வெள்ளெனவே போய்விட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. கார் இப்போது அவ்வளவு ஓடுவதில்லை, கொழுவத் தேவையில்லை என்று ரெலிபோனில் சொன்னான். சாந்தி பழக்கத்தில் அவனுக்கும் சேர்த்துப் புட்டு அவித்திருந்தாள். கோபிகா வந்து பார்த்துவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். நானும் சாந்தியும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். பால்கறியில் உப்பு இல்லை. கேட்கப் பயமாக இருந்தது. அப்படியே தின்றேன்.

அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

6

திங்கட்கிழமை கொம்பனி தானாகவே ரெலிபோன் எடுத்தது. வாழ்க்கை முறை கேட்ட அதே பெண். என் முறைப்பாட்டுக்கு முடிவு வந்துவிட்டதாம். பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. இரண்டாவது காருக்கு அது கரண்ட் கொடுக்காததற்குக் காரணம், அந்தக் கார் வேண்டாம் என்று சொன்னதுதான். அது வரும்போதே நிறைந்து வந்திருக்கிறது.

அன்றைக்கு மழையில் மட்டுமா என்று கேட்டேன். இல்லை ஐயா, அந்தக் கார் வந்த எல்லா நாளும் அப்படித்தான், உங்களிடமிருந்து அது ஒன்றும் எடுத்ததேயில்லை என்றார்.

நான் ரெலிபோனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். சாந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அண்ணை வாற வழியிலை கடையடியிலை இருக்கிற சார்ஜ் பெட்டியிலை காசு குடுத்துக் காரை நிரப்பிப்போட்டுத்தான் வாறவர். எங்கடை கரண்டை எடுக்க அவருக்கு வெக்கம்."

"பிறகேன் இஞ்சை கொண்டந்து கொழுவுறான்?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். வெங்காயம் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் வெங்காயமும் இருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு எல்லாத்தையும் உடைச்சுச் சொல்லவேணுமே? அந்த மனிசன் வேறை என்ன சொல்லிக்கொண்டு வாறது?"

"நீர் எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்கள் உந்த வாயாலை அவரிட்டைக் கேட்டிருப்பியள். பிறகு அவர் இந்தப் பக்கமே வரார்."

கேட்டிருப்பேன். அது உண்மை.

அன்றைக்கே அவனுக்கு ரெலிபோன் எடுத்தேன். கார் வேண்டாம், கரண்ட் வேண்டாம், வெள்ளிக்கிழமை சும்மா வா என்றேன். சிரித்தான். "சும்மா வந்து என்ன செய்யிறது மச்சான். உங்களுக்கும் வேலை இருக்கும்," என்றான். அவனேதான். மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்ற காலத்தில் ஒரு காரணமும் இல்லாமல் சண்டிலிப்பாய்வரை புகைத்துக்கொண்டு வந்தவன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று தெரியாத கோபம். இந்த நாடு அவனுக்குக் கார் கொடுத்தது, பென்சன் கொடுத்தது. அந்த ஒரு சொல்லை எந்த இடத்தில் பிடுங்கியது என்று தெரியவில்லை.

சொன்னால் வரமாட்டான். காரணம் வேண்டும். காரணத்தை நானே வெட்டி எறிந்திருக்கிறேன்.

7

செவ்வாய்க்கிழமை காலையில் கொம்பனிக்கு எடுத்தேன். திட்டம் மாறிக் கொஞ்ச நாளைக்குள் என்றால் திரும்ப மாற்றலாம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். பழைய இரவுத் திட்டத்தைத் தாருங்கள் என்றேன்.

அந்தப் பெண் பதறிவிட்டார். ஐயா, உங்கள் பாவனைக்கு அது சரிவராது. உங்கள் வீட்டில் எப்போதும் சமையல் என்று நீங்களே சொன்னீர்கள். இது உங்களுக்கு நட்டம்.

தெரியும் என்றேன்.

அப்படியென்றால் ஏன் என்று கேட்டார். விதிப்படி கேட்டாரா, அறிய ஆசைப்பட்டுக் கேட்டாரா தெரியாது. என் வாழ்க்கை முறை மாறிவிட்டது என்றேன். அவர் வாழ்த்துச் சொன்னார்.

பிறகு மச்சானுக்கு எடுத்தேன். எடுத்தவுடனேயே கொம்பனியைத் திட்டத் தொடங்கினேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி, நடிக்கத் தேவைப்படவில்லை.

"உந்த விசர்க் கொம்பனி திரும்ப இரவுத் திட்டத்திலை கொண்டுபோய்த் தள்ளிப்போட்டுது மச்சான். இனி நடுச்சாமத்துக்குப் பிறகுதான் மலிவு. முந்தின மாதிரித்தான், விடியும்வரைக்கும் கொழுவி நிக்கவேணும்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. இவ்வளவு சந்தோசமான பெருமூச்சை நான் கேட்டதில்லை.

"அப்ப இராத்திரி நிக்கத்தான் வேணும் என்ன?"

"நிக்கத்தான் வேணும். வேறை வழியில்லை."

"உங்கடை கொம்பனிக்காரர் ஆக்களைப் படுத்துறபாடு," என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் விட முடியவில்லை. கடைக்காரனுக்குக் காசு கொடுத்து நிரப்பிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கிறான். அதைக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் சாந்தி குசினி வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு விசயம் மச்சான். பெட்டியைச் சோதிச்சவங்கள். சில ஆக்கள் நிறைஞ்ச காரைக் கொண்டந்து கொழுவுறவையாம். அப்பிடிக் கொழுவினா பெட்டி எரிஞ்சுபோமாம்."

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

"அப்பிடியும் ஆக்கள் இருக்கினமே?" என்றான் மச்சான்.

"இருக்கினமாம்."

"விசர்ச் சனம்."

"ஓம். பற்றரி இறங்கி வந்தாத்தான் பெட்டிக்கு நல்லதாம்."

சரி என்று வைத்தான். சாந்தி உள்ளே போனாள். அன்றைக்கு மத்தியானக் கறியில் உப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அவன் வரவில்லை. சாந்தி மூன்றுதரம் யன்னலுக்குப் போனாள். கோபிகா கீழே வந்து மேசையில் இருந்தாள். மாமா எங்கே என்று தமிழில் கேட்டாள். புட்டு ஆறியது. பெட்டிக் கதையைச் சொல்லி அவனை வெட்கப்படுத்திவிட்டேன், இனி ஒருநாளும் வரமாட்டான் என்று நினைத்தேன். சாந்தியும் அதைத்தான் நினைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

இருட்டத் தொடங்கத்தான் கார் வாசலுக்கு வந்தது. நான் வெளியே போனேன். மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நெடுந்தூரம் ஓடி வந்தவன் போல முகமெல்லாம் களைத்திருந்தது. அவன் வீட்டிலிருந்து எங்கள் வீடு இரண்டு பஸ் தரிப்பு தூரம்.

"பற்றரி துப்பரவா முடிஞ்சுபோச்சு மச்சான்," என்றான். சோதனை பாஸ் பண்ணின பெடியன் மாதிரிச் சொன்னான். "வந்து பார். ஒண்டுமில்லை."

பார்த்தேன். ஒன்றுமில்லை. அவன் கையிலிருந்த வயரை வாங்கிக் கொழுவினேன். முதல்தரமாக அவன் காருக்கு மஞ்சள் லைற் எரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எங்கை போட்டு வாறாய்?" என்று கேட்டேன்.

அவன் லண்டனைச் சுற்றி வருகிற பெருந்தெருப் பக்கம் கையைக் காட்டினான். ஒரு முழுச் சுற்று ஓடியிருக்கிறான், வெள்ளிக்கிழமை நெரிசலுக்குள்.

"அங்கை என்ன அலுவல்?"

மச்சான் என் செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டு சொன்னான்.

"சும்மா."